ஸ்பாட் என்னும் இடம்: தெரு ஸ்கேட்டர்களின் தேர்வு எப்படி மாறியது?

ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்னே, திண்ணை உயரத்துக்கு ஒரு கருங்கல் திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வழியே நடந்து போகிறவருக்கு அது சற்று உட்காரும் இடம். கட்டடத்தின் உரிமையாளருக்கு அது முகப்பின் அழகு. சிறு சக்கரங்கள் பூட்டிய பலகையான ஸ்கேட்போர்டுடன் வரும் இளைஞர் அதே திட்டை வேறு கணக்கில் பார்க்கிறார். விளிம்பு கல்லா, சிமெண்டா? எங்கேனும் பெயர்ந்திருக்கிறதா? திட்டை நோக்கி வேகமெடுக்க எத்தனை மீட்டர் தூரம் இருக்கிறது? தளத்தில் பதித்த கற்களின் இடுக்குகளில் சக்கரம் சிக்குமா? காவலாளி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்? இத்தனை கேள்விகளுக்கும் சாதகமான விடை கிடைக்கும் இடத்தைத்தான் உலகெங்கும் ஸ்கேட்டர்கள் 'ஸ்பாட்' என்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விகளின் வரிசையே மாறிவிட்டது. ஒரு காலத்தில் எல்லோரும் ஓடித் தேடிய வழவழப்பான சலவைக்கல் தளத்தை இன்று வேண்டுமென்றே தவிர்த்துவிட்டு, விரிசல் விட்ட சந்துகளையும் நிலவறைக் கதவின் இரும்புத் தகட்டையும் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இது வெறும் ரசனை மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. பலகையும் சக்கரமும் எதற்கு ஈடுகொடுத்தன, நகரம் எதைக் கட்டியது, எதைத் தடுத்தது, கேமரா எதை விரும்பியது என்ற மூன்றும் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விகிதத்தில் கலந்ததன் விளைவு இது.

தொடக்கம் கலிபோர்னியா. கடலில் அலை இல்லாத நாள்களில் அலைச்சறுக்கு வீரர்கள் தெருவில் உருட்டிய பலகைக்கு முதலில் உலோகச் சக்கரங்களும் பின்னர் களிமண் கலவைச் சக்கரங்களுமே இருந்தன. ஒரு சிறு கூழாங்கல் தட்டினாலும் அவை நின்றுவிடும், ஓட்டுபவர் முன்னே விழுவார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியூரித்தேன் சக்கரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் நிலை மாறியது. தரையைப் பற்றிக்கொள்ளும் அந்தச் சக்கரங்களால் சரிவுகளில் ஏற முடிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மலையடிவாரப் பள்ளிகளில் விளையாட்டுத் திடலை ஒட்டி மண் சரியாமலிருக்கப் போடப்பட்ட தார்ச் சரிவுகள் அக்காலத்தின் முதல்தரமான இடங்களாயின. பால் ரெவியர், கென்டர் கேன்யன் ஆகிய பள்ளிகளின் பெயர்கள் இன்றும் சொல்லப்படுகின்றன. 1976, 1977ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தபோது, அவற்றின் வளைந்த சுவர்கள் அடுத்த இடமாயின. ஆள் இல்லாத வீட்டின் மதிலேறிக் குதித்து, குளத்தின் அடியில் தேங்கிய அழுக்கு நீரை வாளியால் இறைத்துவிட்டு ஓட்டிய தலைமுறை அது. அவர்கள் தேடியது அலையின் வடிவத்தை. நகரம் அவர்கள் கண்ணுக்கு உறைந்துபோன கடலாகத் தெரிந்தது. படிக்கட்டோ கைப்பிடிக் கம்பியோ அந்தப் பார்வையில் இன்னும் விழவில்லை.

அவை விழுவதற்கு இரண்டு நிகழ்வுகள் தேவைப்பட்டன. முதலாவது, 1970களில் புற்றீசல்போல முளைத்த கட்டணப் பூங்காக்கள் காப்பீட்டுச் செலவைத் தாங்காமல் 1980ஐ ஒட்டி அடுத்தடுத்து மூடப்பட்டன. இரண்டாவது, கையால் பிடிக்காமலேயே பலகையுடன் மேலெழும் 'ஆலி' என்னும் வித்தை. ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் இறுதியில் அதைக் குழிவான சுவர்களில் செய்துகாட்டினார். 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். பின்முனையைக் காலால் தரையில் அறைந்து, எழும் பலகையை முன்காலால் சமப்படுத்தும் அந்த அசைவு கைவந்ததும், முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட எல்லாமே எட்டக்கூடியவையாயின. மார்க் கொன்சாலஸ், நட்டாஸ் கௌபாஸ் ஆகியோர் 1980களின் நடுப்பகுதியில் நடைபாதை விளிம்பு, பூங்கா இருக்கை, சுவர், படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஓட்டத்தக்கதாக மாற்றிக் காட்டினர். பூங்காவுக்குப் பணம் கட்ட முடியாத, பின்கட்டில் மரச் சரிவு கட்ட இடமில்லாத நகரத்துப் பிள்ளைகளுக்கு வாசலைத் தாண்டினாலே களம் கிடைத்தது.

இந்த இடத்தில் நகரத் திட்டமிடலின் வரலாறு குறுக்கிடுகிறது. இக்கதையின் மையமே அதுதான் என்பேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்கள் பழைய குடியிருப்புகளை இடித்து, அலுவலகக் கோபுரங்களையும் அவற்றின் காலடியில் விரிந்த கல் சதுக்கங்களையும் கட்டின. நியூயார்க் 1961இல் கொண்டுவந்த மண்டல விதிகள், தெருமட்டத்தில் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விடும் கட்டடத்துக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி தந்தன. இவ்வாறு உருவான சதுக்கங்களில் பல, மதிய உணவு வேளை தவிர மற்ற நேரங்களில் வெறிச்சோடிக் கிடந்தன. அகலமான சமதளம், தாழ்வான கருங்கல் திட்டுகள், நான்கைந்து படிகள், மாலை ஆறு மணிக்குப் பின் ஆளரவம் இல்லாமை: அலுவலர்களுக்காகக் கட்டப்பட்ட ஓர் இடம், அதன் வடிவமைப்பாளர் கனவிலும் நினைக்காத வேறொரு கூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்துவிட்டது.

சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடெரோ இதற்கு முதல் உதாரணம். அங்கே லாரன்ஸ் ஹால்பிரின் வடிவமைத்து 1972இல் திறக்கப்பட்ட ஜஸ்டின் ஹெர்மன் சதுக்கத்தின் தளம் செங்கல். அதன் நடுவே படிகளும் மேடைகளும் தாழ்ந்த கல் கட்டைகளும் இருந்தன. அங்கே இரு மேடைகளுக்கு நடுவே இருந்த ஓர் இடைவெளியை 1986இல் கொன்சாலஸ் தாண்டியதால் அதற்கு அவர் பெயரே நிலைத்தது. 1990களின் தொடக்கத்தில் மைக் கரோல், ஹென்றி சான்செஸ் முதலிய இளைஞர்கள் பள்ளி முடிந்ததும் நாள்தோறும் அங்கே கூடினர். இந்த 'நாள்தோறும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒருவர் புதிதாக ஓர் அசைவைக் கண்டுபிடித்தால் அன்று மாலையே பத்துப்பேர் அதை முயன்றனர். வாரக்கடைசிக்குள் அது பழையதாகிவிட்டது. திட்டில் ஏறி உராய்ந்து, இறங்கிய வேகத்திலேயே சமதரையில் பலகையைச் சுழற்றி, நிற்காமல் அடுத்த படியைத் தாண்டும் தொடர்ச்சியை 'லைன்' என்பார்கள். தனித்துக் கிடக்கும் ஒரு கம்பியிலோ சரிவிலோ லைன் பிறக்காது. பல பொருள்கள் ஒரே பரப்பில் அடுத்தடுத்து இருக்கும் சதுக்கத்தில்தான் அது பிறக்கும். அக்காலத்தில் சக்கரங்கள் சில 40 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியதும் இந்த நுணுக்க ஆட்டத்தின் விளைவே. சிறிய சக்கரம் பலகையின் எடையைக் குறைத்தது, ஆனால் தரை வழவழப்பாக இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் கொண்டுவந்தது. ஒரு தலைமுறையின் இடத்தேர்வை ஒரு சக்கரத்தின் விட்டம் குறுக்கியது.

எம்பார்கடெரோவில் காவல் கெடுபிடி கூடியபோது கூட்டம் சற்றுத் தள்ளிக் கடலோரத்திலிருந்த ஏழாம் எண் துறைக்கு நகர்ந்தது. அதே காலத்தில் பிலடெல்ஃபியாவில் லவ் பார்க் உச்சத்துக்கு வந்தது. நகரத் திட்டமிடலாளர் எட்மண்ட் பேக்கனின் எண்ணத்தில் உதித்து 1965இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்தச் சதுக்கத்துக்கு, ராபர்ட் இண்டியானாவின் 'லவ்' சிற்பத்தால் அந்தப் பெயர் வந்தது. கருங்கல் திட்டுகள், அகன்ற படிகள், நீர் வற்றினால் தாண்டத்தக்க ஊற்றுத் தொட்டி என்று அனைத்தும் அங்கே இருந்தன. பெயர்ந்த தளக்கல்லை நிமிர்த்திச் சரிவாக்கினர். குப்பைத் தொட்டியைக் கிடத்தி அதன் மேல் தாண்டினர். ஜாஷ் கேலிஸ், ஸ்டீவி வில்லியம்ஸ் போன்றோரின் ஆட்டத்தைப் படப்பதிவில் பார்த்த உலகம் அந்தச் சதுக்கத்தின் ஒவ்வொரு மூலையையும் மனப்பாடமாக அறிந்திருந்தது. நகர நிர்வாகமோ ஒரு பக்கம் 2001, 2002ஆம் ஆண்டுகளில் எக்ஸ் கேம்ஸ் என்னும் சாகச விளையாட்டுப் போட்டியை ஊருக்கு வரவேற்று, மறுபக்கம் அதே ஊரின் சதுக்கத்தில் ஸ்கேட்டர்களைத் துரத்தியது. 2002இல் திட்டுகளை மாற்றியமைத்து ஓட்ட முடியாதபடி செய்தபோது, தொண்ணூற்றிரண்டு வயதான பேக்கன் தலைக்கவசம் அணிந்து, இருபுறமும் ஆள் தாங்கிப் பிடிக்க, ஒரு ஸ்கேட்போர்டில் ஏறி அங்கே சில அடிகள் உருண்டு தம் எதிர்ப்பைப் பதிவு செய்தார். தாம் கட்டிய இடத்தைத் தம்மைவிட நன்கு புரிந்துகொண்டவர்கள் யார் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணுகிறேன். 2004இல் ஒரு காலணி நிறுவனம் பராமரிப்புக்காக 10 லட்சம் டாலர் தர முன்வந்தும் நகரம் ஏற்கவில்லை. 2016இல் சதுக்கத்தை அடியோடு மாற்றுவதற்கு முன், மேயர் சில நாள்கள் மட்டும் தடையை நீக்கினார். பிப்ரவரிக் குளிரில் நாடெங்கிலுமிருந்து ஸ்கேட்டர்கள் வந்து விடைபெற்றுச் சென்றனர்.

ஐரோப்பாவில் இதே மையப் பங்கை பார்சிலோனாவின் மாக்பா ஏற்றது. ரிச்சர்ட் மையர் வடிவமைத்து 1995இல் திறந்த தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் வெளித்தளமும் நீண்ட திட்டுகளும் உலகின் எல்லா மூலையிலிருந்தும் ஆள்களை வரவழைத்தன. 2006இல் நகரம் அபராத விதிகளைக் கொண்டுவந்தும் கூட்டம் கலையவில்லை. லண்டனின் சவுத்பேங்க் சற்றே வேறு வகை. அது சதுக்கமன்று, குவீன் எலிசபெத் அரங்கின் அடியில், எந்தப் பயனும் ஒதுக்கப்படாமல் விடப்பட்ட தூண்களுக்கிடையிலான நிழற்பரப்பு. மழைநாட்டில் கூரையோடு கூடிய கான்கிரீட் சரிவு கிடைப்பது பெரும்பேறு என்பதால் 1970களிலிருந்தே அங்கு ஓட்டம் ஓயவில்லை.

1990களின் பிற்பகுதியில் தேர்வின் அச்சு திரும்பியது. அதுவரை ஒரு சிறந்த இடம் என்பது நாள் முழுவதும் தங்கி விளையாடும் இடமாக இருந்தது. இப்போது அது ஒரு தடவை வந்து, ஒன்றைச் செய்து, படம்பிடித்துக்கொண்டு போகும் இடமாயிற்று. 1995இல் வெளிவந்த சோனியின் விஎக்ஸ்1000 கேமராவும் அதன்மேல் பொருத்திய மீன்கண் வில்லையும் படிக்கட்டை இன்னும் பெரிதாகவும் பயங்கரமாகவும் காட்டின. படிகளின் எண்ணிக்கையே மொழியாயிற்று: ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியின் பன்னிரண்டும் பதினாறும், எல் டோரோ பள்ளியின் இருபது, சான் பிரான்சிஸ்கோவின் வாலன்பெர்க் பள்ளியில் மிக அகன்ற நான்கு. பள்ளிகள் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் எளிது. வாரக்கடைசியில் அவை காலியாக இருக்கும், மேட்டு நிலத்தில் கட்டிய வளாகங்களில் நீண்ட படிக்கட்டுகள் இருக்கும், இறங்குமிடம் அகலமாக இருக்கும். பிரான்சின் லியோன் நகரில் இருபத்தைந்து படிகளை 2002இல் அலி பௌலாலா முயன்று தோற்றார். 2015இல் 'ஜாஸ்' என்று அழைக்கப்படும் ஆரோன் ஹோமோகி அதைத் தாண்டி நின்றார்.

இந்தக் காலத்தில் எழுதப்படாத ஒரு சட்டம் இறுகியது: ஓர் இடத்தில் ஒருவர் ஒரு வித்தையைச் செய்து அது பதிவாகிவிட்டால், அடுத்தவர் அதையே செய்வது பொருளற்றது, அதைவிடக் கடினமானது வேண்டும். எனவே ஒவ்வொரு புகழ்பெற்ற கம்பியும் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும் ஒரு வளமாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் ஆறு படிகளை ஒட்டிச் சரிவாக இறங்கிய ஒரு கல் கைப்பிடிச்சுவர் 'ஹப்பா ஹைட்அவுட்' எனப்பட்டது. அங்கே ஒளிந்து புகைக்கப்பட்ட போதைப்பொருளின் கொச்சைப் பெயர் அது. 2011இல் அதை இடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள், உலகின் எந்த ஊரிலும் படிக்கட்டை ஒட்டிச் சரியும் சுவருக்கு 'ஹப்பா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓர் இடப்பெயர் பொதுப்பெயராகும் அளவுக்கு ஒரு சுவர் மதிக்கப்பட்டது. இருந்தும் இந்தக் காலத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. உடலை இத்தனை உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் எறியத் துணிந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களின் அளவுகோலே எல்லோருக்கும் அளவுகோலாகியதால், தெருவின் வாசல் பலருக்குக் குறுகியது.

அதே காலத்தில் நகரங்களும் கற்றுக்கொண்டன. திட்டின் விளிம்பில் இரண்டடிக்கு ஒன்றாகப் பதிக்கும் உலோகக் குமிழ், கம்பியில் பற்றவைக்கும் முடிச்சு, தளத்தில் வேண்டுமென்றே போடும் சொரசொரப்பான பட்டை ஆகியவை புதிய கட்டடங்களின் வரைபடத்திலேயே இடம்பெறலாயின. உட்காருகிறவருக்கு உறுத்தலாக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்கேட்டர் உராயக் கூடாது என்ற முடிவு அது. இதற்கு எதிர்த்திசையில், ஸ்கேட்போர்டு ஓட்டுவதை ஆபத்துள்ள பொழுதுபோக்கு என்று வகைப்படுத்தி உள்ளாட்சிகளின் சட்டப் பொறுப்பைக் குறைத்த கலிபோர்னியச் சட்டம் 1998இல் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பூங்காக்கள் பெருகின. பூங்காவில் கச்சிதமான திட்டும் கம்பியும் கிடைக்கும்போது பயிற்சிக்குத் தெரு தேவையில்லை. ஆகவே தெருவுக்குப் போவதன் காரணமே மாறியது. பூங்காவில் இல்லாத ஒன்று தெருவில் இருந்தால்தான் போவதில் பொருள் இருந்தது. இந்த ஒரு திருப்பத்தைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் சலவைக்கல் ஆசை உடனே அணைந்துவிடவில்லை. அது கடல் கடந்தது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் சீனாவின் ஷென்சென், குவாங்சோ நகரங்களுக்குக் குளிர்காலந்தோறும் படையெடுத்தன. 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டு அசுர வேகத்தில் எழுந்த ஷென்செனில், யாரும் உட்காராத புத்தம்புதிய திட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் கிடந்தன. காவலாளிகள் விரட்டவில்லை, அல்லது மெதுவாகவே வந்து சொன்னார்கள். மேற்கில் தடுக்கப்பட்டதெல்லாம் அங்கே தடையின்றிக் கிடைத்தது. விளைவு எதிர்பாராதது. எல்லாப் படப்பதிவுகளிலும் ஒரே வெள்ளைத் தளமும் ஒரே பளபளப்பும் வந்தன. எந்த ஊர், யாருடைய ஊர் என்ற அடையாளம் அழிந்தது. கச்சிதமான இடம் பூங்காவிலும் கிடைக்கிறது, ஷென்செனிலும் கிடைக்கிறது என்றானபோது, கச்சிதத்துக்கு இருந்த மதிப்பு சரிந்தது.

கரடுமுரடான இடங்களின் மீதான நாட்டத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதன் வேர் பழையது. 1990களிலேயே பிலடெல்ஃபியாவின் ரிக்கி ஒயோலா, ஒரே சதுக்கத்தில் நிற்காமல் நடைபாதை, வாகனங்களின் இடைவெளி, வழியில் வரும் எந்தத் திட்டும் என்று நகரத்தின் ஊடாகவே ஓட்டிக்கொண்டு போவதை வலியுறுத்தினார். ஜப்பானில் டகஹிரோ மொரிடாவின் குழு, இரவு நேரத் தெருக்களின் குறுகிய நடைபாதைகளையும் தடுப்புக் கம்பிகளையும் களமாக்கிக்கொண்டது. 2010ஐ ஒட்டி பிரான்சில் மெஜந்தா, சுவீடனின் மால்மோவில் பொன்டுஸ் ஆல்வ் தொடங்கிய போலார் ஆகிய சிறு ஸ்கேட்போர்டு நிறுவனங்கள் இந்தப் போக்கை உலகப் போக்காக்கின. நிலவறைக் கதவின் மீது ஏறி இறங்குதல், சுவரில் இரண்டு சக்கரம் உருட்டுதல், ஒரு காலைத் தரையில் ஊன்றித் தாண்டுதல் என்று 1980களின் கைவிடப்பட்ட அசைவுகள் திரும்பின. சற்றே பெரிய, மென்மையான சக்கரங்கள் வந்ததால் கற்பாவிய தெருவும் ஓட்டத்தக்கதாயிற்று. இணைய வரைபடங்களின் தெருக்காட்சியில் மணிக்கணக்கில் தேடி இடம் கண்டுபிடிப்பதும், விரிசலில் பட்டி பூசிக் காயவைத்து, விளிம்பில் மெழுகு தேய்த்து, ஒரு பலகைத் துண்டைப் போட்டு வேகத்துக்கு வழி செய்வதும் இன்று தெருவேலையின் பாதி. மதிப்பீடும் மாறிற்று: எத்தனை படி என்று கேட்டவர்கள், இதை எப்படி இடமாகக் கண்டான் என்று கேட்கத் தொடங்கினர். படிகளைத் தாண்டும் துணிவு இல்லாதவர்களும், வயதேறியவர்களும், முன்பு ஓரத்தில் நின்ற பெண்களும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தது. அந்த வகையில் இதை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன்.

டோக்கியோவில் 2021இல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற 'ஸ்ட்ரீட்' பிரிவின் களத்தில் இருந்தவை படிகளும் கம்பிகளும் ஹப்பாக்களுமே. அதாவது, தெரு தன் விருப்பத்தை மாற்றிக்கொண்ட பிறகும் போட்டிக்களம் 1990களின் பிற்பகுதியை அச்சில் வார்த்து வைத்திருக்கிறது.

எனினும், கரடுமுரடான சந்துகளைத் தேடிப் போவதில் ஓர் இழப்பும் இருக்கிறது. சந்தில் யாரும் நாள்தோறும் கூடுவதில்லை. நான்கு பேர் போய், பட்டி பூசி, காவலர் வருவதற்குள் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓரமாக உட்கார்ந்து பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு சதுக்கத்தோடு போய்விட்டது. பூங்கா அதை ஓரளவு ஈடுசெய்கிறது, முழுவதுமாக அல்ல, ஏனெனில் பூங்காவில் ஸ்கேட்டர்கள் தங்களுக்குள் மட்டுமே இருக்கிறார்கள். அலுவலகம் விட்டு வருகிறவர், பெஞ்சில் உறங்குகிறவர், சுற்றுலாப் பயணி, சதுரங்கம் ஆடும் முதியவர் ஆகியோரோடு ஒரே கல்லைப் பகிர்ந்துகொள்வது சதுக்கத்தில் மட்டுமே நிகழ்ந்தது.

இதை உணர்ந்த நகரங்கள் சில இருக்கின்றன. சவுத்பேங்க் இடத்தைக் கடைகளாக மாற்றி ஸ்கேட்டர்களை வேறிடத்துக்கு அனுப்பும் திட்டம் 2013இல் வந்தபோது பெருந்திரளான மக்கள் எதிர்த்தனர். 2014இல் அவ்விடத்தை ஸ்கேட்டர்களுக்கே விடும் உடன்பாடு எட்டப்பட்டு, முன்பு அடைக்கப்பட்டிருந்த ஒரு பகுதியும் சீரமைக்கப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. பிரான்சின் போர்தோவில், அபராதம் விதித்துக்கொண்டிருந்த நகராட்சி, லியோ வால்ஸ் என்னும் ஸ்கேட்டருடன் பேசி, சதுக்கங்களில் ஓட்டத்தக்க நேரங்களை அறிவித்ததோடு, ஓட்டவும் உட்காரவும் ஏற்ற சிற்பங்களையும் தெருவில் நிறுவியது. மால்மோ இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்கேட்போர்டுக்கென்றே நகராட்சியில் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக அமர்த்தியிருக்கிறது.

லவ் பார்க் உடைக்கப்பட்டபோது பிலடெல்ஃபியா ஸ்கேட்டர்கள் கருங்கற்களில் ஒரு பகுதியைக் காப்பாற்றி வைத்திருந்தனர். அவற்றுள் சில, கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து மால்மோவுக்கு வந்து சேர்ந்தன; பூங்கா வேலிக்குள் வைப்பதற்காக அல்ல, எல்லோரும் நடக்கும் பொது வெளியில் பதிப்பதற்காக.